தண்ணீர் மேல் விழுந்த பழி: தருமபுரியில் ஒரு டெனோஃபோவிர் நிகழ்வு

தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் இடுப்பு வலி, முட்டி வலி என்று ஒருவர் வந்து உட்கார்ந்தால், அவர் முழுதாகச் சொல்லி முடிப்பதற்குள் காரணம் முடிவாகிவிடும்: தண்ணீர். அதில் நியாயமும் இருக்கிறது. இந்த மண்ணுக்கு அடியில் இருப்பது கருங்கல், நைஸ், சார்னோக்கைட் போன்ற கெட்டிப் பாறைகள். அவற்றின் வெடிப்புகளில் ஊறி வரும் ஆழ்துளைக் கிணற்று நீரில், பல ஊர்களில் ஃப்ளோரைடு லிட்டருக்கு 1.5 மில்லிகிராம் என்ற வரம்பைத் தாண்டியிருந்தது. பழுப்புக் கறை படிந்த பற்களோடு தலைமுறைகளே வளர்ந்திருக்கின்றன. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம், ஃப்ளோரைடு மிகுதியால் பல்லும் எலும்பும் கெடும் ஃப்ளோரோசிஸ் நோயைக் குறைப்பதற்காகவே வகுக்கப்பட்டு, ஜப்பான் கடனுதவியில் கட்டப்பட்டு, 2013-ல் இயங்கத் தொடங்கியது.

அந்த நியாயமான காரணமே, கீழே வரும் பெண்ணுக்கு ஓராண்டுக்கு மேல் சரியான நோயறிதல் கிடைக்காமல் செய்தது. அவருடைய எலும்பைக் கரைத்துக்கொண்டிருந்தது தண்ணீர் அல்ல. அவரை உயிரோடு வைத்திருந்த எச்.ஐ.வி. மாத்திரையில் இருந்த டெனோஃபோவிர் என்ற மருந்து.

இந்த நிகழ்வு பாடத்துக்காக அமைத்தது. வயது, தொழில், குடும்ப விவரங்களை எந்த ஒரு நபரோடும் பொருத்திப் பார்க்க முடியாதபடி எழுதியிருக்கிறேன். எச்.ஐ.வி. உள்ள ஒருவரின் நிலையை அவர் ஒப்புதல் இல்லாமல் வெளியிடக் கூடாது என்பது 2017-ம் ஆண்டுச் சட்டம். 2018 செப்டம்பர் 10 முதல் அது நடைமுறையில் இருக்கிறது. சட்டம் இல்லாவிட்டாலும் அதுதான் முறை.

வந்தபோது இருந்த நிலை

47 வயதுப் பெண். பென்னாகரம் வட்டத்துக் கிராமம். கணவர் லாரி ஓட்டுநர், இறந்து பல ஆண்டுகள் ஆகின்றன. மாம்பழக் காலத்தில் கிருஷ்ணகிரிப் பக்கம் மாங்கூழ் தொழிற்சாலையில் வேலை, மற்ற மாதங்களில் நூறு நாள் வேலை. மகளைக் கட்டிக்கொடுத்துவிட்டார். எடை 38 கிலோ.

முதலில் இரண்டு குதிகாலும் வலித்திருக்கின்றன. பிறகு இடுப்பு, தொடை, விலா. இதுவரை சரி, இந்த வயதில் உழைக்கும் பெண்கள் பலரும் சொல்வதுதான். ஆனால் அவர் சொன்ன இன்னொரு விஷயம் வேறு ரகம். டவுன் பஸ்ஸின் முதல் படியில் கால் வைத்தால் உடம்பு மேலே வர மறுக்கிறது. பின்னால் நிற்பவர் தூக்கிவிட வேண்டியிருக்கிறது. தரையில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தால் எதையாவது பிடிக்காமல் எழ முடியவில்லை. மாங்கூழ் வேலையை விட்டதே அதனால்தான். நடக்கும்போது இருபுறமும் சாய்ந்து சாய்ந்து நடந்தார்.

வலியை மட்டும் கேட்டால் மூட்டுத் தேய்மானம் போலத்தான் இருக்கும். படி ஏற முடியாமை, உட்கார்ந்து எழ முடியாமை இரண்டும் தொடை, இடுப்புத் தசைகளின் பலவீனத்தைக் காட்டுபவை. வலியும் இந்தப் பலவீனமும் சேர்ந்து வந்தால் எலும்பு மென்மையாகும் நோயை, அதாவது ஆஸ்டியோமலேசியாவை நினைக்க வேண்டும். எலும்பின் புரதச் சட்டம் இருக்கும். அதில் படிய வேண்டிய கால்சியமும் பாஸ்பேட்டும் போதாது.

"எங்க ஊர்ல எல்லாருக்கும் இப்படித்தானுங்க டாக்டர், தண்ணி அப்படி" என்றார். பற்களில் பழுப்புக் கோடுகள் இருந்தன. அதைப் பார்த்துத்தான் இதற்கு முன் பார்த்த இரண்டு தனியார் கிளினிக்குகளிலும் ஃப்ளோரோசிஸ் என்று முடிவு செய்திருக்கிறார்கள். பல்லில் உள்ள கறை ஒன்றை மட்டுமே நிரூபிக்கும்: பல் உருவாகிக்கொண்டிருந்த சிறுவயதில் அவர் குடித்த தண்ணீரில் ஃப்ளோரைடு அதிகம். 47 வயதில் எலும்பு ஏன் வலிக்கிறது என்பதற்கு அது பதில் ஆகாது.

அந்த ஓராண்டில் அவருக்குக் கிடைத்த சிகிச்சை: வாரத்துக்கு ஒன்றிரண்டு டைக்ளோஃபெனாக் வலி ஊசி, இடையில் அதே மருந்தின் மாத்திரை, காலையில் கால்சியமும் இரும்புச் சத்தும். இந்த மூன்றையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள், மூன்றுமே பிறகு வரும்.

சொல்லாமல் விட்ட மாத்திரை

வேறு என்ன மருந்து சாப்பிடுகிறீர்கள் என்று வெளிநோயாளிப் பிரிவில் கேட்டபோது, "சத்து மாத்திரைங்க" என்றார். கூட வந்திருந்தது மகளின் மாமியார். அந்த அம்மாவைப் பதிவுச் சீட்டுக்கு வெளியே அனுப்பிவிட்டு, செவிலியர் ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து, "அக்கா, ராத்திரியில ஏதாவது ஒரே மாத்திரை தினமும் போடுறீங்களா? இங்க சொல்றது வெளியே போகாது" என்று கேட்ட பிறகுதான், பையின் அடியிலிருந்து சிகிச்சைப் புத்தகம் வந்தது. எச்.ஐ.வி. மருந்து தரும் கூட்டு மருந்து மையம் பக்கத்திலேயே இருந்தும், அங்கே போனால் ஊர்க்காரர்கள் பார்த்துவிடுவார்கள் என்று, தூரத்து மையம் ஒன்றில் பதிந்திருக்கிறார். எனவே அவருக்கு வலி ஊசி போட்டவர்களுக்கு எச்.ஐ.வி. மருந்து தெரியாது, எச்.ஐ.வி. மருந்து கொடுத்தவர்களுக்கு வலி ஊசி தெரியாது.

இதில் அந்தப் பெண்ணைக் குறை சொல்ல ஒன்றும் இல்லை. மாமியார் நிற்கும் இடத்தில், மெல்லிய தடுப்புக்கு அப்பால் பத்துப் பேர் காத்திருக்கும் அறையில், இந்த விவரத்தை யாரால் சொல்ல முடியும்? கேட்கும் முறையும் இடமும் சரியாக இருந்தால் சொல்கிறார்கள். எனக்கு இந்த நிகழ்வில் மிக முக்கியமாகப் படுவது ஆய்வக எண்கள்கூட அல்ல, செவிலியர் கேட்ட அந்த ஒரு கேள்விதான்.

புத்தகத்தில் இருந்தது இது. 2009-ல் ஸ்டாவுடின், லாமிவுடின், நெவிரபின் என்ற மூன்று எச்.ஐ.வி. மருந்துகளைத் தொடங்கியிருக்கிறார்கள். 2013-ல் ஹெப்படைட்டிஸ் பி மேற்பரப்பு ஆன்டிஜென், அதாவது கல்லீரலைத் தாக்கும் அந்த வைரஸின் தொற்று இருப்பது தெரிந்து, டெனோஃபோவிர், லாமிவுடின், எஃபாவிரென்ஸ் சேர்ந்த மாத்திரைக்கு மாற்றம். 2021-ல் டி.எல்.டி., அதாவது டெனோஃபோவிர் 300 மில்லிகிராம், லாமிவுடின் 300, டொலுடெக்ராவிர் 50 சேர்ந்த ஒற்றை மாத்திரை. பத்தாண்டுக்கு மேல் ஒரு நாள் விடாமல் டெனோஃபோவிர். வைரஸ் அளவு தொடர்ந்து கண்டறிய முடியாத அளவில். மிக ஒழுங்கான நோயாளி.

கண்டது

முதல் பரிசோதனை சிறுநீர்ப் பட்டை. சர்க்கரை மூன்று பிளஸ், புரதம் இரண்டு பிளஸ். அதே வேளை எடுத்த வெறும் வயிற்று ரத்தச் சர்க்கரை 88. ரத்தத்தில் சர்க்கரை சரியாக இருக்க, சிறுநீரில் சர்க்கரை கொட்டினால் முதலில் இரண்டு கேள்விகள்: டபாக்லிஃப்ளோசின் போன்ற நீரிழிவு மாத்திரை சாப்பிடுகிறாரா? இல்லை. அப்படியானால், வடிகட்டிய நீரிலிருந்து வேண்டியவற்றைத் திரும்ப எடுக்கும் சிறுநீரகத்தின் அண்மைக் குழாய் சேதமா?

சீரம் பாஸ்பேட் 1.4 (இயல்பு 2.5 முதல் 4.5). பொட்டாசியமும் குறைவு, 3.0. பைகார்பனேட் 16, குளோரைடு 114, சோடியம் 139. சோடியத்திலிருந்து மற்ற இரண்டையும் கழித்தால் வரும் எதிரயனி இடைவெளி 9, அதாவது இயல்பான இடைவெளி உள்ள அமிலத்தன்மை. யூரிக் அமிலமும் குறைவு, 1.6. எலும்பு நோயில் உயரும் ஆல்கலைன் பாஸ்படேஸ் 612, மிக அதிகம். கால்சியம் 8.9. வைட்டமின் டி 17 நானோகிராம், குறைவுதான், ஆனால் இந்த அளவு எலும்புச் சேதத்துக்கு அது மட்டும் போதாது. ரத்தத்தில் பாஸ்பேட் இவ்வளவு வற்றியிருந்தும் சிறுநீரகம் வடிகட்டிய பாஸ்பேட்டில் 58 விழுக்காட்டைத்தான் திரும்ப எடுத்தது. இந்த நிலையில் ஆரோக்கியமான சிறுநீரகம் ஏறக்குறைய முழுவதையும் பிடித்து வைத்திருக்கும்.

சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கழிவான கிரியாட்டினின் 1.1. ஆய்வகச் சீட்டில் இதைத் தடித்த எழுத்தில் போடவில்லை. அவர்கள் அச்சிட்ட இயல்பு வரம்பு 0.6 முதல் 1.2 வரை. இங்கே கொஞ்சம் நின்று கணக்குப் போட வேண்டும். 47 வயது, 38 கிலோ, பெண், கிரியாட்டினின் 1.1 என்று காக்கிராஃப்ட்-கால்ட் சூத்திரத்தில் இட்டால் வடிகட்டும் திறன் நிமிடத்துக்கு 38 மில்லிலிட்டர். 2013-ல் அவருக்கு வயது 36, எடை 44, கிரியாட்டினின் 0.7. அப்போது 77. பாதியாகிவிட்டது, ஒரு முறைகூட எண் சிவப்பில் வராமல். சாதாரண டெனோஃபோவிரை 50-க்குக் கீழ் இதே அளவில் தொடரக் கூடாது.

2022-ல் யாரோ புத்தகத்தின் ஓரத்தில் "டொலுடெக்ராவிரால் கிரியாட்டினின் சற்று உயர்வு" என்று எழுதியிருந்தார்கள். அது தவறான தகவல் அல்ல. டொலுடெக்ராவிர், குழாய்ச் சுவர் வழியாகக் கிரியாட்டினின் வெளியேறுவதைக் கொஞ்சம் தடுக்கும்; வடிகட்டும் திறன் குறையாமலே எண் 0.1 முதல் 0.2 வரை ஏறும். ஆனால் அந்த ஏற்றம் முதல் சில வாரங்களில் வந்து அங்கேயே நின்றுவிடும். ஆண்டுக்கு ஆண்டு ஏறிக்கொண்டே போனால் அதற்கு டொலுடெக்ராவிர் பொறுப்பல்ல. 0.15-ஐக் கழித்துவிட்டுக் கணக்கிட்டாலும் இவருக்கு 44-தான் வருகிறது.

இடுப்பு எக்ஸ்ரேயில் இடது தொடை எலும்புக் கழுத்தின் உட்புறத்தில் குறுக்காக ஒரு கருத்த கோடு. லூசர் கோடு என்பார்கள், ஆஸ்டியோமலேசியாவின் முத்திரை. முன்கை எக்ஸ்ரேயும் எடுத்தோம், வேண்டுமென்றே. எலும்பு ஃப்ளோரோசிஸில் எலும்பு பொதுவாக அடர்ந்து வெளுப்பாகத் தெரியும். முன்கையின் இரு எலும்புகளுக்கு இடையே உள்ள சவ்வில் சுண்ணம் படியும். முதுகெலும்புத் தசைநார்களும் கெட்டிப்படும். அவை எதுவும் இல்லை. கால்சியம் போதாத உணவு சாப்பிடுவோருக்கு ஃப்ளோரோசிஸோடு ஆஸ்டியோமலேசியாவும் சேர்ந்து வரலாம் என்பதும், இரண்டிலும் ஆல்கலைன் பாஸ்படேஸ் உயரலாம் என்பதும் உண்மை. அதனால் எக்ஸ்ரேயை மட்டும் வைத்து வாதாட நான் விரும்பவில்லை. ஃப்ளோரைடு விளக்க முடியாதது சிறுநீர்ச் சர்க்கரை, வற்றிய யூரிக் அமிலம், அமிலத்தன்மை, பாஸ்பேட் ஒழுக்கு ஆகிய நான்கும் ஒன்றாக வந்தது. அண்மைக் குழாய் திரும்ப எடுக்க வேண்டியவற்றைச் சிறுநீரில் விட்டுவிடும் இந்த நிலைக்குப் பெயர் ஃபான்கோனி நோய்க்குறி.

ஃபான்கோனிக்கு வேறு காரணங்களும் உண்டு. மைலோமா என்ற ரத்தப் புற்றுநோய்: புரதப் பகுப்பாய்வு இயல்பு. ஈயம், காட்மியம் போன்ற கன உலோகங்கள்: முறையாகத் தயாரிக்காத பற்பம், செந்தூரம் ஏதாவது சாப்பிட்டாரா என்று கேட்டோம், இல்லை. மிச்சம் இருந்தது ஒரே மருந்து.

அந்த மருந்து ஏன் குழாயைத் தாக்குகிறது

டெனோஃபோவிரின் வரலாற்றிலேயே பதில் இருக்கிறது. செக் வேதியியலாளர் அன்டோனின் ஹோலி பிராகில் உருவாக்கிய மூலக்கூறுகளை, பெல்ஜியத்தின் லூவனில் எரிக் டி கிளெர்க் வைரஸ்களுக்கு எதிராகச் சோதித்தார். 1986-ல் அந்தக் குடும்பத்தின் முதல் ஆய்வறிக்கை வந்தது. ஹெச்.ஐ.வி.யின் ரிவர்ஸ் டிரான்ஸ்கிரிப்டேஸ் நொதி வைரஸின் ஆர்.என்.ஏ.வை டி.என்.ஏ.வாக நகலெடுக்கும்போது, அடினைன் எழுத்து வேண்டிய இடத்தில் டெனோஃபோவிர் போய் உட்கார்ந்துவிடும். அடுத்த எழுத்தைக் கோக்க அதில் கொக்கி இல்லை. சங்கிலி அங்கேயே அறுபடும். ஹெப்படைட்டிஸ் பி வைரஸின் நொதியிலும் இதே கதைதான்.

அந்த மூலக்கூறுக்கு மின்னூட்டம் அதிகம். குடலால் உறிஞ்ச முடியாது. அதனால் டைசோப்ராக்சில் என்ற போர்வையைப் போர்த்தி மாத்திரையாக்கினார்கள். 2001 அக்டோபரில் அமெரிக்க அனுமதி கிடைத்தது. குடலைத் தாண்டியதும் போர்வை கழன்றுவிடும். ரத்தத்தில் சுற்றுவது வெறும் டெனோஃபோவிர். சிறுநீரகத்தின் அண்மைக் குழாய்ச் செல்களில் கரிம எதிரயனிகளை உள்ளிழுக்கும் கதவு ஒன்று உண்டு. டெனோஃபோவிர் அந்தக் கதவு வழியாக உள்ளே போகும். மறுபக்கக் கதவு வழியாகச் சிறுநீருக்குள் வெளியேற வேண்டும். உள்ளே வருவது வேகமாகவும் வெளியேறுவது மெதுவாகவும் இருந்தால் செல்லில் தேங்கும். தேங்கினால் மைட்டோகாண்ட்ரியா பழுதாகும். நாள் ஒன்றுக்கு 180 லிட்டர் வடிநீரில் பெரும்பகுதியையும், சர்க்கரை முழுவதையும், பாஸ்பேட்டில் ஐந்தில் நான்கு பங்கையும் திரும்ப உடம்புக்குள் எடுப்பது இந்தச் செல்கள்தான். அவற்றுக்கு ஆற்றல் தருவது மைட்டோகாண்ட்ரியா. அது படுத்தால் பாஸ்பேட் சிறுநீரில் போகும். எலும்பு தன் கையிருப்பைக் கொடுத்துக் கொடுத்து மென்மையாகும்.

இது முன்கூட்டியே தெரியாத ஆபத்தும் அல்ல. அதே குடும்பத்தின் அடிஃபோவிர், எச்.ஐ.வி.க்குத் தேவைப்பட்ட உயர்ந்த அளவில் சிறுநீரகக் குழாயைக் கெடுத்ததால்தான் 1999-ல் அமெரிக்க ஆலோசனைக் குழு அதை நிராகரித்தது. டெனோஃபோவிர் அதைவிட மிகவும் பாதுகாப்பானது என்று நிரூபணமாகி வந்தது. ஆனாலும் 2002-லேயே ஃபான்கோனி நிகழ்வுகள் பதிவாகத் தொடங்கிவிட்டன.

எல்லோருக்கும் வருவதில்லை. முழு ஃபான்கோனி அரிது. லட்சக்கணக்கானோர் ஆண்டுக்கணக்கில் எந்தச் சிக்கலும் இல்லாமல் சாப்பிடுகிறார்கள். இதை அழுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் இதைப் படித்துவிட்டு யாரும் மாத்திரையை நிறுத்திவிடக் கூடாது. குறைந்த உடல் எடை, வயது, நீண்ட கால உபயோகம், ஏற்கெனவே சிறுநீரக நோய், நீரிழிவு, ரத்த அழுத்தம், ரிட்டோனாவிர் சேர்ந்த இரண்டாம் நிலை மருந்துகள் ஆகியவை ஆபத்தைக் கூட்டும். அப்புறம் டைக்ளோஃபெனாக். டெனோஃபோவிர் எடுப்போருக்கு இந்த வலி மருந்து தொடங்கியதும் திடீர் சிறுநீரகச் செயலிழப்பு வந்த நிகழ்வுகள் மருத்துவ இதழ்களில் பதிவாகியிருக்கின்றன. இவருக்கு எடை 38 கிலோ, பத்தாண்டு டெனோஃபோவிர், வாரம் தவறாமல் டைக்ளோஃபெனாக். எலும்பு வலித்தது, அதனால் ஊசி. ஊசியால் குழாய் இன்னும் கெட்டது. அதனால் எலும்பு இன்னும் வலித்தது.

நிறுத்துவதா, மாற்றுவதா

ஹெப்படைட்டிஸ் பி இல்லாதிருந்தால் முடிவு எளிது. டெனோஃபோவிருக்குப் பதில் அபாகாவிர் என்ற இன்னொரு எச்.ஐ.வி. மருந்து, மற்ற இரண்டும் அப்படியே. ஆனால் இவருடைய கல்லீரலில் அந்த வைரஸை அடக்கி வைத்திருப்பதும் இதே டெனோஃபோவிர்தான். திடீரென்று எடுத்துவிட்டால் வைரஸ் பொங்கி எழுந்து கடும் மஞ்சள் காமாலையில், சில நேரம் கல்லீரல் செயலிழப்பில் கொண்டுபோய் விடும். அபாகாவிருக்கு ஹெப்படைட்டிஸ் பி மேல் பயன்படும் ஆற்றல் இல்லை. லாமிவுடினை மட்டும் நம்பலாமா? 2009 முதல் 2013 வரை நான்கு ஆண்டுகள் இவருடைய ஹெப்படைட்டிஸ் பி வைரஸ் சந்தித்த ஒரே மருந்து லாமிவுடின். எச்.ஐ.வி.யும் சேர்ந்து இருப்போரிடம் அவ்வளவு காலத்தில் எதிர்ப்பு உருவாகாமல் இருப்பதே அபூர்வம். என்டெகாவிர் என்ற ஹெப்படைட்டிஸ் பி மருந்தைச் சேர்க்கலாம், ஆனால் லாமிவுடின் எதிர்ப்பு வந்த வைரஸிடம் அதன் வலிமையும் குறையும்.

மிச்சமிருந்த வழி டெனோஃபோவிரின் இன்னொரு வடிவம், அலாஃபெனமைடு. டைசோப்ராக்சில் போர்வை ரத்தத்திலேயே கழன்றுவிடுகிறது என்றேன் அல்லவா, இந்தப் போர்வை ரத்தத்தில் பெரும்பாலும் கழலாது. லிம்போசைட், கல்லீரல் செல்களுக்குள் போன பிறகுதான் நொதிகள் அதைப் பிரிக்கும். அதனால் 300 மில்லிகிராமுக்குப் பதில் 25 மில்லிகிராம் போதும். ரத்தத்தில் டெனோஃபோவிர் அளவு சுமார் 90 விழுக்காடு குறைவு. குழாய்ச் செல்லின் கதவுக்கு வந்து சேருவதே கொஞ்சம்தான். வடிகட்டும் திறன் 30-க்கு மேல் இருந்தால் கொடுக்கலாம். ஏற்கெனவே ஃபான்கோனி வந்தவருக்கு இதையும் யோசித்துத்தான் கொடுக்க வேண்டும். அலாஃபெனமைடிலும் அரிதாகக் குழாய்ச் சேதம் பதிவாகியிருக்கிறது. ஆனால் ஒருபக்கம் கல்லீரல், ஒருபக்கம் எச்.ஐ.வி. இரண்டையும் காக்க வேண்டிய நிலையில் வேறு நல்ல தேர்வு எங்களுக்குத் தெரியவில்லை. கூட்டு மருந்து மையத்தின் மருத்துவரோடு பேசி, நிபுணர் குழுவின் ஒப்புதலோடு, ஒரு வேளைகூட இடைவெளி விடாமல் மாற்றினோம்: டெனோஃபோவிர் அலாஃபெனமைடு 25, லாமிவுடின், டொலுடெக்ராவிர்.

டைக்ளோஃபெனாக் அன்றே நிறுத்தம், வலிக்குப் பாராசிட்டமால். வாய்வழி பாஸ்பேட், பொட்டாசியம், சோடியம் பைகார்பனேட், கால்சிட்ரியால். தொடை எலும்புக் கழுத்தில் கோடு இருந்ததால் முறிவு பயம். எலும்பியல் மருத்துவர் சொன்னபடி சில வாரங்கள் ஊன்றுகோல்.

இனி அந்தக் கால்சியம் மாத்திரை. மருத்துவமனையில் சேர்த்தபோது எச்.ஐ.வி. வைரஸ் அளவு 640 வந்தது. பல ஆண்டாகக் கண்டறிய முடியாமல் இருந்தவருக்கு இது ஏன்? மாத்திரையைத் தவறவிட்டாரா என்று முதலில் கேட்டதற்கு அவர் முகம் வாடிவிட்டது. தவறவிடவில்லை. கிளினிக்கில் கால்சியமும் இரும்பும் கொடுத்த பிறகு, எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் முடித்துவிடலாம் என்று இரவு மாத்திரையையும் விடிகாலைக்கு மாற்றி, வெறும் வயிற்றில் மூன்றையும் சேர்த்து விழுங்கியிருக்கிறார். கால்சியம், இரும்பு, மக்னீசியம், அலுமினியம் அயனிகள் டொலுடெக்ராவிரைப் பிடித்துக்கொண்டு குடலில் உறிஞ்சவிடாமல் செய்யும். வெறும் வயிற்றில் என்றால் டொலுடெக்ராவிர் இவற்றுக்கு 2 மணி நேரம் முன்பு அல்லது 6 மணி நேரம் பின்பு இருக்க வேண்டும். கால்சியத்தையோ இரும்பையோ சாப்பாட்டோடு டொலுடெக்ராவிருடன் சேர்த்து எடுக்கலாம். மக்னீசியம், அலுமினியம் உள்ள வயிற்றெரிச்சல் மருந்துக்கு அந்தச் சலுகை இல்லை. இவருக்கு இரவுச் சாப்பாட்டுக்குப் பின் எச்.ஐ.வி. மாத்திரைகள், மதியம் கால்சியம் என்று பிரித்தோம். பாஸ்பேட்டைக் கால்சியத்தோடு சேர்க்காமல் காலையிலும் மாலையிலும் கொடுத்தோம்.

பிறகு

ஆறு வாரத்தில் சிறுநீர்ச் சர்க்கரை மறைந்தது. பாஸ்பேட் 2.6, பைகார்பனேட் 22. இழப்பை ஈடுகட்டக் கொடுத்த பாஸ்பேட், பொட்டாசியம், பைகார்பனேட்டைப் படிப்படியாகக் குறைத்தோம். மூன்றாம் மாதம் ஊன்றுகோல் இல்லாமல் வந்தார். ஆறாம் மாதம் ஆல்கலைன் பாஸ்படேஸ் 150, எடை 42, வைரஸ் கண்டறியப்படவில்லை, லூசர் கோட்டில் எலும்பு கூடியிருந்தது. கிரியாட்டினின் 0.9, கணக்கிட்டால் 51. பழைய 77 திரும்பவில்லை. ஃபான்கோனியின் குழாய்க் கோளாறு பெரும்பாலும் சில மாதங்களில் சீராகும். இழந்த வடிகட்டும் திறன் எல்லோருக்கும் முழுதாகத் திரும்புவதில்லை. எவ்வளவு சீக்கிரம் கண்டுபிடிக்கிறோமோ அவ்வளவு மிஞ்சும்.

சீக்கிரம் கண்டுபிடிக்கப் பெரிய கருவி எதுவும் தேவைப்படவில்லை என்பதுதான் மனதை உறுத்துகிறது. சிறுநீர்ப் பட்டை எந்த ஆரம்ப சுகாதார நிலையத்திலும் கிடைக்கும். டெனோஃபோவிர் எடுப்பவருக்குக் கிரியாட்டினினோடு எடையையும் வைத்துத் திறனைக் கணக்கிடுவதும், பட்டையில் சர்க்கரையும் புரதமும் பார்ப்பதும் ஒரு தேநீர் குடிக்கும் நேரம்கூட ஆகாது. எடை 40 கிலோவைச் சுற்றியே உள்ள பெண்களிடம் "கிரியாட்டினின் நார்மல்" என்ற சொல்லை நம்பவே கூடாது என்பது என் கருத்து. எலும்பு வலி மருத்துவர்களும் பொது மருத்துவர்களும் டைக்ளோஃபெனாக் எழுதும் முன், யாரும் கூட இல்லாத நேரத்தில் தினசரி மாத்திரை பற்றி ஒரு முறை கேட்டுவிடலாம்.

தடுப்புக்காக இந்த மருந்தை எடுப்போரும் இப்போது கூடிவருகிறார்கள். டெனோஃபோவிரும் எம்ட்ரிசிட்டபினும் சேர்ந்த மாத்திரையை எச்.ஐ.வி. இல்லாதவர்கள் முன்கூட்டியே எடுத்துத் தொற்றைத் தடுக்க 2012 ஜூலை 16-ல் அமெரிக்கா அனுமதித்தது. அதே நாளில்தான் ஹோலி காலமானார். ஆப்பிரிக்காவில், ஒருவருக்கு மட்டும் தொற்று உள்ள தம்பதிகளிடம் நடந்த ஆய்வில் இந்த மாத்திரை தொற்றை 75 விழுக்காடு குறைத்தது. நோயாளிக்குப் போட்ட ஊசி தவறித் தன்மேல் குத்திவிட்ட மருத்துவப் பணியாளருக்கு 72 மணி நேரத்துக்குள் தொடங்கி 28 நாள் கொடுப்பதும் டெனோஃபோவிர் சேர்ந்த மருந்துதான். சிறுநீரகம் நன்றாக உள்ளவர்களுக்கு இவற்றில் ஆபத்து மிகக் குறைவு. தடுப்புக்காக மாதக்கணக்கில் எடுப்பவருக்குத் தொடங்கும் முன்பும் இடையிடையேயும் கிரியாட்டினின், தொடக்கத்தில் ஹெப்படைட்டிஸ் பி பரிசோதனை, இவை போதும். ஹெப்படைட்டிஸ் பி பார்ப்பது ஏன் என்று மேலே உள்ள பகுதியைப் படித்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

அந்தப் பெண்ணுக்கு இனி செய்ய வேண்டியவை புத்தகத்தின் முதல் பக்கத்திலேயே எழுதப்பட்டிருக்கின்றன. மூன்று மாதத்துக்கு ஒரு முறை எடை, கிரியாட்டினின், பாஸ்பேட், சிறுநீர்ப் பட்டை. ஆறு மாதத்துக்கு ஒரு முறை ஹெப்படைட்டிஸ் பி வைரஸ் அளவும் கல்லீரல் ஸ்கேனும். இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் இருந்தால் உடனே வர வேண்டும். காசநோய்க்கான ரிஃபாம்பிசின் தொடங்க நேர்ந்தால் ரத்தத்தில் அலாஃபெனமைடின் அளவு குறையும், டொலுடெக்ராவிரை இரு வேளையாக்க வேண்டும், எல்லாவற்றையும் மறுபடி யோசிக்க வேண்டியிருக்கும். சிவப்பு மையில் ஒரு வரி: வலி ஊசி கூடாது. எச்.ஐ.வி. என்ற சொல் இல்லாத தனிச் சீட்டு ஒன்றும் கொடுத்திருக்கிறோம். "சிறுநீரகக் குழாய் பாதிப்பு உள்ளவர். டைக்ளோஃபெனாக், ஐபுப்ரோஃபென் வகை மருந்துகள் தர வேண்டாம்." எந்தக் கிளினிக்கிலும், யார் கூட வந்திருந்தாலும், அதை நீட்டலாம்.